கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள்

ஒத்தைக்கொம்புப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் கொடுத்த ஊர். வாயை விட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், நீங்கள் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துகொள்ளுங்கள்.

அந்த ஊரில் சோணைமுத்து என்று ஒரு சம்சாரி. தங்கமான மனிதர். யாராவது ஒன்று சொன்னால் அதிலிருந்து இம்மி பிசகமாட்டார். ஒரு தடவை காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். 'வரிசையில் வரவும்' என்று எழுதிப் போட்டிருந்தது. அன்றைக்கு வந்திருந்த நோயாளி இவர் ஒருத்தர்தான். ஒருத்தர் நின்றால் அது எப்படி வரிசையாகும்? யோசித்துப் பார்த்துவிட்டு, ஊருக்கு ஆள் அனுப்பித் தம்பி மொக்கராசை வரவழைத்துத் தனக்குப் பின்னால் நிற்கவைத்து, அதன் பிறகுதான் உள்ளே போனார். நர்ஸம்மா இரண்டு பேருக்கும் ஊசி போட்டு அனுப்பினாள். மொக்கராசு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அண்ணனுக்கு ஏற்ற தம்பி.

சோணைமுத்துவின் மனைவி பஞ்சவர்ணத்துக்கு ஒரே ஒரு ஆசை. மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். பிள்ளை இல்லாமல் தவித்த காலத்தில், பிள்ளை பிறந்தால் ஆத்தாளுக்குப் பச்சைப் பட்டு சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நாகஜோதி பிறந்தாள். எருமைப்பால் விற்ற காசைச் சேர்த்துப் பட்டும் எடுத்தாயிற்று. அதோடு சரி. ஒரு வருஷம் எருமை கன்று போட்டது, ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் மழை இல்லை. பட்டு பெட்டியில் கிடக்க, நாகஜோதி பிளஸ் டூ வரைக்கும் வந்துவிட்டாள். இத்தனைக்கும் மதுரை ஒன்றும் காசி இல்லை, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும்.

ஒருநாள் பஞ்சவர்ணத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த சனி ஞாயிறு என்னைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போறீங்க. இல்லையின்னா திங்கக்கிழமை நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். எருமையவும் ஓட்டிட்டுப் போயிருவேன்."

முதல் பாதியைக் கேட்டுச் சோணைமுத்து கலங்கினார். இரண்டாம் பாதியைக் கேட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பால் சங்கச் செயலாளர் அழகுமலையிடம் ஓடினார். ஊரில் மதுரைக்கு அடிக்கடி போய் வருகிறவர் அவர்தான்.

"மதுரைதானப்பா? பெரிய ஊரு, பாத்துப் போகணும்" என்று செயலாளர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். "பஸ்ஸை விட்டு எறங்குனதும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கங்க. என்ன ஆனாலும் விட்றாதீங்க. தெரியாத ஆளுககிட்ட பேச்சுக் கொடுக்காதீங்க. கோயிலுக்கு நாலு வாசல், செருப்பை எந்த வாசல்ல விட்டீகளோ அந்த வாசல் வழியாத்தான் வெளிய வரணும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. கோபுரத்தை விட்டு மட்டும் கண்ணை எடுத்துறாதீங்க. அது கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் நீங்க தொலைஞ்சு போக மாட்டீங்க."

நல்ல யோசனைகள். நீங்களும் நானும் கேட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு மறந்திருப்போம். சோணைமுத்து மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று பேரையும் உட்காரவைத்து, நாகஜோதி வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல எல்லோரையும் ஒப்பிக்கவைத்தார்.

சனிக்கிழமை காலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கைகோத்துக்கொண்டார்கள். முன்னால் சோணைமுத்து, அவர் கையைப் பிடித்துப் பஞ்சவர்ணம், அவள் கையைப் பிடித்து நாகஜோதி, கடைசியில் மொக்கராசு. பட்டுப்புடவை இருந்த பையைப் பஞ்சவர்ணம் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், இரண்டு கையும் வேலையில் இருந்ததே.

ஒரு ஆட்டோக்காரர் வந்து, "எங்கண்ணே போகணும்?" என்றார். நான்கு பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். "கோயிலுக்கா? மாலுக்கா?" பதில் இல்லை. ஆட்டோக்காரர் இரக்கத்தோடு கையை ஆட்டிச் சைகையில் கேட்டுப் பார்த்தார். அதற்கும் அவர்கள் அசையவில்லை. அவர் போனதும் சோணைமுத்து பெருமூச்சு விட்டார்.

"மொத கண்டம் தப்பிச்சிட்டோம்."

நடந்தே போனார்கள். கடைத் தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாம் இந்தச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரு சைக்கிள்காரர் குனிந்து கைக்கு அடியில் நுழைந்து போனார். ஒரு திருப்பம் தாண்டியதும் தெற்குக் கோபுரம் கட்டடங்களுக்கு மேலே எழும்பி நின்றது. அத்தனை பொம்மைகளோடும், அத்தனை வண்ணங்களோடும். பஞ்சவர்ணத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மதினி, கண்ணைத் தொடைக்காதீங்க!" என்று அலறினான் மொக்கராசு. "தொடைக்கையில கோபுரம் மறைஞ்சிரும்!"

இங்கேதான் முதல் விவாதம் வந்தது.

"அப்ப கண்ணு சிமிட்டுனா?" என்றாள் நாகஜோதி. படித்த பெண், அவளுக்குத்தான் இந்த மாதிரி சந்தேகமெல்லாம் வரும்.

சோணைமுத்து நடுத்தெருவில் நின்று யோசித்தார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

"சிமிட்டக் கூடாது."

"முடியாதுப்பா. கண்ணு எரியும்."

"அப்ப ஆள் மாத்தி ஆள் சிமிட்டுவோம். நான் சிமிட்டையில நீங்க மூணு பேரும் முழிச்சிருக்கணும். சிமிட்டுறதுக்கு முந்தி சொல்லிட்டுச் சிமிட்டணும்."

அப்படியே நடந்தது. "சிமிட்டுறேன்!" "சிமிட்டு!" "நான் சிமிட்டட்டுமா அண்ணே?" "இருடா, உங்க மதினி முடிக்கட்டும்!" இப்படிக் கூவிக்கொண்டே, கைகோத்தபடி, அண்ணாந்து பார்த்தபடி அவர்கள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வலம் வந்ததைப் பார்த்து, வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் விசேஷம் ஏதோ என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

பசி வந்தது. கோபுரம் தெரிகிற மாதிரி வாசல் உள்ள ஒரு மெஸ்ஸைக் கண்டுபிடித்து ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சர்வர் வந்து, "என்ன சாப்பிடுறீங்க?" என்றார். தெரியாத ஆள்.

சோணைமுத்து தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏப்பா மொக்கராசு, நமக்கு நாலு சாப்பாடு வேணும்ல?"

"ஆமாண்ணே. அப்பளம் ரெண்டு சேத்து வச்சாத் தேவலை."

"வைக்கிறவுக வைப்பாக. நம்ம என்னத்தைக் கேக்குறது."

சர்வர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இலையைப் போட்டார். சோறு வந்தது, குழம்பு வந்தது. யாரும் கை வைக்கவில்லை. வைப்பதற்குக் கை வேண்டுமே! சங்கிலியில் இந்த முனையில் சோணைமுத்துவின் வலது கை சும்மா இருந்தது, அந்த முனையில் மொக்கராசின் இடது கை சும்மா இருந்தது. மற்றதெல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது.

"இடது கையால சாப்பிடலாமாண்ணே?"

"சீ! அன்னலட்சுமிடா."

"அப்ப கையை மாத்திப் பிடிச்சுக்கிறேன். ஒரு நொடி விட்டுட்டு..."

"விட்றாத! அந்த ஒரு நொடியிலதான் எல்லாரும் தொலையிறாய்ங்க."

கடைசியில் சோணைமுத்துவே தன் வலது கையால் மூன்று பேருக்கும் ஊட்டினார். மகளுக்கு எட்டி ஊட்டினார். தம்பிக்கு எழுந்து நின்று ஊட்டினார். மொக்கராசு வாசல் வழியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான், பாதிச் சோறு மூக்கில் போயிற்று. பக்கத்தில் இருந்த பஞ்சவர்ணத்துக்குத்தான் நல்ல கவளமாகக் கிடைத்தது. கல்யாணத்தன்று பாலும் பழமும் ஊட்டியதோடு சரி, அதற்கப்புறம் அந்த மனிதர் இன்றைக்குத்தான் அவளுக்கு ஊட்டுகிறார். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. "போதுங்க, போதுங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை ரசம் வரைக்கும் வந்துவிட்டாள். மதுரை என்றால் மதுரைதான் என்று அவளுக்குத் தோன்றியது.

சாப்பிட்ட தெம்பில் நாயக்கர் மகாலைப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். மகால் ஒரு திசையில், கோபுரம் எதிர்த் திசையில். ஆகவே பின்பக்கமாக நடந்தார்கள். ஒரு பழக்கடைத் தள்ளுவண்டியில் மோதினார்கள், ஒரு கல்யாண ஊர்வலத்தின் நடுவே புகுந்து மறுபக்கம் வெளிவந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடம் கோபுரத்தை மறைத்துக்கொண்டது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு மகாலைப் பாக்காமப் போறதாப்பா?" என்றாள் நாகஜோதி.

"இந்தா முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு" என்றார் சோணைமுத்து. "எல்லாரும் முதுகால கும்பிட்டுக்கங்க."

முதுகால் எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் நான்கு பேரும் தோளைக் குலுக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

பிறகுதான் கோயில். ஆனால் அதற்கு முன்னால் செருப்பு இருக்கிறது. எந்த வாசலில் விட்டார்களோ அந்த வாசல் வழியாக வர வேண்டும். உள்ளே போனால் திசை தெரியாமல் வேறு வாசலில் வந்துவிட்டால்?

"நாலு வாசல்லயும் விட்ருவோம்" என்றான் மொக்கராசு. "அப்புறம் எந்த வாசல்ல வந்தாலும் அது செருப்பு விட்ட வாசல்தானே?"

அண்ணன் தம்பியைப் பெருமையோடு பார்த்தார். இந்த ஊரில் இத்தனை ஆயிரம் பேர் கும்பிட வருகிறார்கள், ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே! ஒவ்வொரு வாசலிலும் ஒற்றை ஒற்றையாக இரண்டு செருப்புகளை விட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு மறுபடி தெற்கு வாசலுக்கு வந்தார்கள்.

கோபுரத்தின் காலடிக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தார்கள். இன்னும் கிட்டே போனார்கள், இன்னும் அண்ணாந்தார்கள். வாசலுக்குள் கால் வைத்ததும் மேலே கல் கூரை மட்டும்தான் தெரிந்தது.

"கோபுரம் எங்கம்மா?" என்றாள் நாகஜோதி.

"தலைக்கு மேலதான்."

"தலைக்கு மேல இருந்து என்ன புண்ணியம்? கண்ணுக்குத் தெரியலையே!"

சடாரென்று பின்வாங்கி வெளியே வந்து விழுந்தார்கள். மேற்கு வாசலில் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் அதே கதை. கோயிலுக்குள் போனால் கோபுரம் தெரியாது. கோபுரம் தெரிய வேண்டுமானால் கோயிலுக்குள் போக முடியாது. இப்படி ஒரு கோயிலை யார் கட்டினார்கள் என்று மொக்கராசு வருத்தப்பட்டான். பொழுது சாய்ந்துவிட்டது.

லாட்ஜில் ரூம் எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோணைமுத்து தம்பியிடம், "கோபுரம் தெரியிற மாதிரி மொட்டைமாடி உள்ள ரூம் கெடைச்சா நல்லாருக்குமேப்பா" என்றார். மேனேஜர், "இருக்கு சார்" என்றார். "ஏப்பா, இருக்காமே" என்றார் சோணைமுத்து தம்பியிடம். இப்படியே கொஞ்ச நேரம் போனதும் மேனேஜருக்கும் என்னவோ ஆகிவிட்டது. அவர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்து, "ஃபேனே, இவுககிட்ட ஆதார் கார்டு இருக்கான்னு தெரியலையே" என்று கேட்க ஆரம்பித்தார். அதன் பிறகு காரியம் சுலபமாக முடிந்தது.

மொட்டைமாடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே கோபுரம். பஞ்சவர்ணம் கழுத்தில் தொங்கிய பையைத் தாடையால் அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"இத்தனை வருசம் ஊர்ல இருந்துக்கிட்டே பாக்காம இருந்தேன். அது பரவாயில்லைங்க. இப்ப வாசல்ல வந்து நின்னும் பாக்கலையே. நாளைக்கு ஊருக்குத் திரும்பணும். அவ என்னைய வரவே வேணாங்கிறாளா?"

சோணைமுத்துவுக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எருமை போனால் போகட்டும் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தார். அவ்வளவு கனம். "நீ அழுகாத பஞ்சு. நாளைக்கு உன்னைய உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றார். எப்படி என்பது அவருக்கே தெரியாது.

வழியைக் கண்டுபிடித்தது நாகஜோதிதான். காலையில் எழுந்ததுமே சொன்னாள்.

"எல்லாரும் கோபுரத்தைப் பாக்கணும்னு செயலாளரு சொல்லலையேப்பா. சித்தப்பா வெளிய நின்னு நம்ம எல்லாருக்கும் சேத்துப் பாக்கட்டும். நாம மூணு பேரும் உள்ள போவோம்."

"கையை விடக் கூடாதே?"

"விட வேணாம். சித்தப்பா கையை வேற ஒருத்தர் பிடிக்கட்டும், அவரு கையை இன்னொருத்தர் பிடிக்கட்டும். சாமிகிட்ட போய்ச் சேருற வரைக்கும் ஆளைக் கோத்துக்கிட்டே போவோம்."

"தெரியாத ஆளோட கையையா?"

"பேசக் கூடாதுன்னுதானே சொன்னாரு. பிடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

சோணைமுத்து மகளையே பார்த்தார். இவளைப் படிக்கவைத்தது வீண் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். தெற்கு வாசலுக்கு எதிரே வெயிலில் மொக்கராசை நிற்கவைத்தார்கள். குடும்பத்துக்கே இருந்த ஒரே போனையும் அவன் சட்டைப்பையில் போட்டார்கள், கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். அவன் கோபுரத்தின் மேல் கண்ணை நட்டுவைத்துவிட்டுச் சும்மா இருந்த கையால், அந்தப் பக்கமாகப் போன ஒரு பூக்கார அம்மாவின் கையைப் பிடித்தான்.

"ஏய், யாருய்யா நீ? விடுய்யா!" என்றார் அந்த அம்மா.

மொக்கராசு பேசவில்லை. கோபுரத்தை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. சோணைமுத்து வந்து அந்த அம்மாவின் இன்னொரு கையைப் பயபக்தியோடு பிடித்தார். அவரும் பேசவில்லை. அவர் கையில் மகள், மகள் கையில் கழுத்தில் பையோடு கண்கலங்கி நிற்கும் ஒரு பெண்பிள்ளை. பூக்கார அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அட, வேண்டுதலா! மௌன வேண்டுதல்! கையை விடாமப் போகணும்போல. ஏ செல்வி, வந்து என் பக்கத்துல பிடி!"

அவ்வளவுதான். மதுரையில் நான்கு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் தானாக வருவார். "என்ன வேண்டுதல்?" "கையை விட்டா பலிக்காதாம்." "பேசுனாலும் பலிக்காதாம்." "கடன் தீருமாம்." "கல்யாணம் ஆகுமாம்." நடுவே ஆள் சேரச் சேர, முன்னால் மூன்று பேரும் நகர்ந்துகொண்டே போனார்கள். சோதனை செய்கிற இடத்தில் ஆணுக்கு ஒரு வழி, பெண்ணுக்கு ஒரு வழி என்று தடுப்பு இருந்தது. தடுப்புக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்கள். சங்கிலி பொற்றாமரைக் குளத்தின் ஓரமாக வளைந்து, மண்டபத்துக்குள் புகுந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டே இருந்தது. காவலுக்கு நின்றவர்கள் சத்தமே இல்லாத இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் வழி விட்டார்கள்.

வெளியே ஒரு முனையில் மொக்கராசு, சுட்ட தரையில் வெறுங்காலோடு குதித்துக் குதித்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே மறுமுனையில் பஞ்சவர்ணம், சன்னதிக்கு முன்னால்.

வந்தேவிட்டாள்! சும்மா இருந்த கையால் கழுத்துப் பையிலிருந்து பச்சைப் பட்டை எடுத்து நீட்டினாள். பட்டர் வாங்கிக்கொண்டு, தீபத்தை ஏந்தியபடி, "கண்ணை மூடி நன்னா வேண்டிக்கோங்கோம்மா" என்றார்.

பஞ்சவர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். நாகஜோதியும் மூடிக்கொண்டாள். சோணைமுத்து இறுக்கமாகவே மூடிக்கொண்டார். தீபம் காட்டினார்கள், மணி அடித்தது, குங்குமம் கொடுத்தார்கள். "நகருங்க, நகருங்க" என்றார்கள், நகர்ந்தார்கள். கண்ணைத் திற என்று யாரும் சொல்லவில்லையே! கூட்டம் தள்ளியபடியே ஒரு தூண், ஒரு உண்டியல், ஒரு படி என்று இடித்துக்கொண்டு வெளியே வந்து வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் கண் தானாகத் திறந்தது.

அது கிழக்கு வாசல். "பாத்தியா, செருப்பு விட்ட வாசல்தான்!" என்றார் சோணைமுத்து. டோக்கனைக் கொடுத்ததும் இரண்டு செருப்பு வந்தது. இரண்டும் இடது கால். ஒன்றைப் பஞ்சவர்ணமும் இன்னொன்றை நாகஜோதியும் போட்டுக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கையை விடாமல் ஓடினார்கள்.

ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்பியது. காற்று வந்ததும் பஞ்சவர்ணத்தின் முகம் மலர்ந்தது, கொஞ்ச தூரத்துக்குத்தான்.

"ஏங்க, ஆத்தா எப்படி இருந்தா?"

"நான் கண்ணை மூடிட்டேனே. நீதானே முன்னால நின்ன?"

"நானும் மூடிட்டேனே! ஜோதி?"

"நானும்தாம்மா."

பஞ்சவர்ணம் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். "அப்ப நான் அவளைப் பாக்கவே இல்லையா? இம்புட்டுக் கிட்ட போயி..."

சோணைமுத்து அவள் பக்கம் சாய்ந்தார். வாழ்நாளில் அவர் சொந்தமாக யோசித்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதை நான் மறைக்க மாட்டேன்.

"நீ பாக்கலைன்னா என்ன பஞ்சு? அவ உன்னையப் பாத்துட்டால்ல. மீன் கண்ணு அவளுக்கு, மூடவே மூடாதும்பாங்க. நீ வந்ததையும் பாத்திருப்பா, பட்டு கொடுத்ததையும் பாத்திருப்பா. அது போதும்."

பஞ்சவர்ணத்துக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சரிதான், அவள் பார்த்துவிட்டாள். வந்த காரியம் முடிந்தது. வெகுநேரம் சிரித்த முகமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, அவளுக்குத்தான் கண்ணே மூடாதுன்னா, அவளையே கோபுரத்தைப் பாத்துக்கச் சொல்லியிருக்கலாம்ல? நம்ம மொக்கராசும் உள்ள வந்திருப்பானே."

"அடடா!" என்றார் சோணைமுத்து. "எனக்குத் தோணலையே. ஏப்பா மொக்கராசு, கேட்டியா உங்க மதினி சொன்னதை?"

திரும்பிப் பார்த்தார். அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மொக்கராசு இல்லை. வழுக்கைத் தலையும் விபூதியுமாக, முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதர். கோயிலுக்குள் சங்கிலியில் சேர்ந்தவர், கூட்டம் தள்ளியதில் அவருக்குப் பின்னால் சங்கிலி அறுந்துவிட்டது. கையை விட்டால் வேண்டுதல் பலிக்காது என்று சொன்னார்களே, அதனால் விடவில்லை. பேசினாலும் பலிக்காது என்றார்களே, அதனால் பேசவும் இல்லை. எந்த ஊரோ தெரியவில்லை. ஒத்தைக்கொம்புப்பட்டி உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

"இவுககிட்ட சித்தப்பா எங்கன்னு கேளுங்கப்பா" என்று கிசுகிசுத்தாள் நாகஜோதி.

"எப்படிக் கேக்குறது? தெரியாத ஆளு."

"ஐயோ, மொக்கராசு தொலைஞ்சு போயிட்டானா?" என்று பஞ்சவர்ணம் பதறினாள்.

சோணைமுத்து தலையசைத்து அமர்த்தினார். நிதானமாக யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அவன் எப்படித் தொலைவான்? கோபுரத்தைப் பாத்துக்கிட்டில்ல நிக்கிறான். கோபுரம் தெரியிற வரைக்கும் தொலைய மாட்டீங்கன்னுதானே செயலாளர் சொன்னாரு." ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "நமக்குத்தான் தெரியலை. தொலைஞ்சு போனது நாமதான் பஞ்சு."

சாயங்காலம் பால் ஊற்றப் போன ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். ஒத்தைக்கொம்புப்பட்டி பஸ் நிறுத்தத்தில் நான்கு பேர் கைகோத்தபடி, முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு ஓரத்தில் இரண்டு இடது கால் செருப்பு, மறு ஓரத்தில் ஒரு வழுக்கைத் தலை. விஷயம் கேள்விப்பட்டுச் செயலாளர் அழகுமலை ஓடிவந்தார்.

"ஏப்பா, வீட்டுக்குப் போகாம இங்க என்ன பண்றீங்க?"

"தொலைஞ்சு போயிட்டோம்ணே" என்றார் சோணைமுத்து.

"யோவ், உன் வீடு இந்தா தெரியுதுய்யா! உன் எருமை கத்துறது கேக்குதுய்யா!"

"வீடு தெரியுதுண்ணே. கோபுரம் தெரியலையே."

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "இவரு யாரு?"

"தெரியலைண்ணே. பேசிப் பாக்கலை."

வழுக்கைத் தலைக்காரர் செயலாளரைப் பார்த்து மரியாதையாகத் தலையை மட்டும் ஆட்டினார். செயலாளர் போனை எடுத்து மொக்கராசுக்கு அடித்தார். அவன் உடனே எடுத்தான். பின்னணியில் கோயில் மணிச் சத்தம்.

"டேய், எங்கடா இருக்க?"

"கோபுரத்துக்கு எதுக்கதாண்ணே. நல்லா தெரியுது. சிமிட்டையில மட்டும் பூக்கார அக்கா பாத்துக்கிறாக."

"கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுத்துட்டு ஒழுங்கா பஸ் ஏறுடா! உங்க அண்ணன், மதினி, புள்ளை எல்லாரும் இங்க வந்தாச்சு. தொலைஞ்சு போயிட்டோம்னு நிக்கிறாங்க!"

மொக்கராசின் குரல் பொறுப்போடு வந்தது.

"அப்படின்னா நான் வரவே கூடாதுண்ணே. நானும் கண்ணை எடுத்துத் தொலைஞ்சு போயிட்டா, அப்புறம் எங்களைத் தேடுறது யாரு?"

செயலாளர் போனைக் காதில் வைத்தபடியே தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அவர் முழிப்பதைக் கண்டு பஞ்சவர்ணத்துக்கு மனசு கேட்கவில்லை. சும்மா இருந்த கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கண்ணே. கையை மட்டும் விட்றாதீங்க."